மகன் வீகன் ஆகிவிட்டான். வயிறு நிறைய என்ன சமைத்துப் போடுவது?

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தேசியச் சேவை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கும் உங்கள் மகன் வீகன் ஆகிவிட்டான். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன்கூட வேண்டாம் என்கிறான். சாம்பார், ரசம், இரண்டு பொரியல் என்று தினமும் வைக்கிறீர்கள். தட்டு நிறையச் சாப்பிடுகிறான், ஆனால் இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறான். பிள்ளை இளைத்துவிட்டான் என்று உங்கள் மாமியார் கவலைப்படுகிறார். வீட்டில் மற்ற மூவருக்கும் மீனும் கோழியும் வேண்டும். வேலைக்குப் போய்வந்து இரண்டு சமையல் செய்ய உங்களால் முடியவில்லை. தீபாவளியும் வருகிறது.

நான் சைவ விருந்துச் சமையலைத் தொழிலாகச் செய்பவள். என் மருமகளும் வீகன். எனவே கடைச் சமையல், வீட்டுச் சமையல் இரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

அவன் பசிக்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அல்ல. மீன், கோழி சமைக்கும் நம் வீடுகளில் சாம்பாரும் பொரியலும் பக்கத்துணையாக இருந்துதான் பழக்கம். நான்கு பேருக்கு அரைக் கப் துவரம் பருப்பு போட்டுச் சாம்பார் வைப்போம். அது ஏறக்குறைய 100 கிராம். அதிலுள்ள புரதம் 22 கிராம். ஒருவர் பங்குக்கு ஐந்து, ஆறு கிராம்தான் வரும். முன்பு அதே தட்டில் ஒரு மீன் துண்டு இருந்தது, அதில் 20 கிராம். ஒரு முட்டை என்றால் ஆறு கிராம், ஒரு கிண்ணம் தயிர் என்றால் ஏழெட்டு கிராம். இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் கோஸ் பொரியலும் வைத்தால் வயிறு உடனே நிறையும். மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும். சோறு சீக்கிரம் செரித்துப் போகும். புரதமும் கொழுப்பும் நார்ச்சத்தும்தான் பசியைத் தள்ளிப்போடும்.

ஆகவே சமைக்கத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று மீன் துண்டின் இடத்தில் என்ன? அதை முடிவு செய்த பிறகு சாம்பார், ரசம், கீரை எல்லாம் தானாக அமையும். அந்த இடத்தில் காய்கறியை வைக்காதீர்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யா. சோயா, முழுப் பயறு, பருப்பு, நிலக்கடலை ஆகிய நான்கில் ஒன்று அங்கே இருக்கவேண்டும், அதுவும் தாராளமாக. 70 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 56 கிராம் புரதம் தேவை. ஓடியாடும் இளைஞனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் சிங்கப்பூரில் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் தேடி அலையவேண்டிய பொருள்கள் இங்கே எந்த ஈரச்சந்தையிலும் காலையில் புதிதாகக் கிடைக்கும். அவற்றில் முதலிடம் டெம்பேக்கு. முழுச் சோயா மொச்சையை அவித்து, ஒருவகைப் பூஞ்சை சேர்த்து, கட்டியாகப் புளிக்கவைத்தது அது. ஜாவாவிலிருந்து வந்த உணவு. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். நம் வீடுகளில் அதை வாங்கத் தயங்குவார்கள். வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அந்த வெள்ளைப் படலம் இருக்கவேண்டியதுதான். பொதியில் காற்றுக்காகக் குத்திய துளைகளின் ஓரம் கொஞ்சம் கருத்திருந்தாலும் பரவாயில்லை. ரோஸ் நிறமோ மஞ்சள் கொழகொழப்போ தெரிந்தால், அமோனியா நெடி அடித்தால் தூக்கி எறியுங்கள். தொட்டால் கட்டியாக, உலர்ந்து, முகர்ந்தால் காளான் வாசம் வரவேண்டும். கேலாங் சிராய் சந்தையில் இலையில் பொதிந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

டெம்பேயை நம் வாய்க்கு ஏற்றபடி செய்ய, மீன் வறுவல் செய்யும் முறையையே பின்பற்றலாம். விரல் கனத்துக்கும் குறைவாகச் சாய்வாக நறுக்குங்கள். கொஞ்சம் புளித்தண்ணீரில் உப்பும் மஞ்சள் தூளும் கரைத்து, துண்டுகளை அதில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கசப்புப் பிடிக்காதவர்கள் அதற்கு முன் பத்து நிமிடம் ஆவியில் வைத்து எடுக்கலாம். பிறகு நீரை வடித்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், நசுக்கிய சோம்பு, இஞ்சி பூண்டு, ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பிசறி, தோசைக்கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு இரு பக்கமும் முறுக விடுங்கள். கடைசியில் கறிவேப்பிலையை அதே எண்ணெயில் போட்டு மேலே கொட்டுங்கள். ஆளுக்கு ஆறு துண்டு, கெட்டியான பருப்பு, சோறு, கீரை. இந்தச் சாப்பாடு இரவு பத்து மணியைத் தாண்டியும் தாங்கும்.

அடுத்தது தவ்குவா, அதாவது கெட்டியான தோஃபு. அதன் மேல் பலருக்கு இருக்கும் குறை, குழம்பில் போட்டால் உள்ளே சாரம் இறங்குவதில்லை, வெளியே மசாலாவும் உள்ளே வெறும் வெள்ளையுமாக நிற்கிறது என்பது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாங்கிவந்த தவ்குவாவை அப்படியே உறைபெட்டியில் ஒரு இரவு வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும்போது சின்னச் சின்னத் துளைகள் உண்டாகும். மறுநாள் இளக வைத்து, இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தண்ணீர் ஒழுகி, கடற்பஞ்சுபோல் ஆகிவிடும். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள். பிய்ந்த ஓரங்கள் கரடுமுரடாக இருப்பதால் மசாலா நன்றாகப் பிடிக்கும்; மென்றால் கறி மெல்வது போன்ற திருப்தியும் வரும். எங்கள் வீட்டில் உறைபெட்டியின் ஒரு மூலை எப்போதும் தவ்குவாவுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. சூப்பர் மார்க்கெட்டில் நீளமான பிளாஸ்டிக் குழாயில், இளமஞ்சள் நிறத்தில் இருக்கும் தோஃபுவில் முட்டை சேர்ந்திருக்கும். பார்த்து வாங்குங்கள்.

மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. விலையும் குறைவு. ஆனால் கொதிக்கும் உப்பு நீரில் போட்டு, பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியவேண்டும். இல்லையென்றால் அந்தப் பச்சை வாடை குழம்பையே கெடுக்கும். வாரம் ஒருமுறைக்கு மேல் நான் செய்வதில்லை. அதே ஒரே மாதிரி மெல்லும் தன்மை சீக்கிரம் சலித்துவிடும். சீன சைவக் கடைகளில் கிடைக்கும் போலி இறைச்சிகள் அவசரத்துக்கு உதவும். ஆனால் சிலவற்றில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ சேர்ந்திருக்கும், உப்பும் அதிகம். அவற்றை நம்பி வீட்டுச் சமையலை அமைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பலாக்காயைப் பற்றியும் சொல்லவேண்டும். டின்னில் வரும் பிஞ்சுப் பலாவைக் கறிக்குழம்பு மசாலாவில் போட்டால் நாரும் நிறமும் ஆட்டிறைச்சியைப் போலவே இருக்கும். பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வயிறு ஏமாறாது. பிஞ்சுப் பலாவில் புரதம் மிகக் குறைவு. செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை; அதனுடன் அவித்த கறுப்புக் கொண்டைக்கடலை இரண்டு கை சேருங்கள், அப்போது அது முழுச் சாப்பாடு ஆகும்.

இரண்டு சமையல் கேள்விக்கு வருகிறேன். மீன் குழம்பு வைக்கும் நாளில் குழம்பை மீன் போடும் கட்டம் வரை ஒரே சட்டியில் கொதிக்க விடுங்கள். புளி, தக்காளி, வெங்காயம், மசாலா, தேங்காய் எல்லாம் சேர்ந்து எண்ணெய் பிரிந்துவரும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சின்னச் சட்டிக்கு மாற்றுங்கள். பெரிய சட்டியில் மீன், சின்னச் சட்டியில் வறுத்த டெம்பேயோ, தவ்போக் என்ற பொரித்த தோஃபுவோ, மொச்சைக் கொட்டையோ. கரண்டி மட்டும் தனியாக இருக்கட்டும். கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிடம். கோழிக் கறிக்கும் இதே வழிதான். கறி பிறகு, மசாலா முன்பு என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கோழியை மசாலாவுடன் சேர்த்து வதக்கித் தொடங்குகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டால் பாதி வேலை மிச்சம்.

நம் ஊர் மீன்தலைக் கறியின் குழம்பே இதற்கு நல்ல சான்று. கோமஸ் என்ற கேரளச் சமையல்காரர் 1949இல் சோபியா ரோட்டில் இருந்த தம் உணவகத்தில் அதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். தலையை எடுத்துவிட்டாலும் அந்தப் புளியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் கறிவேப்பிலையும் தலைநிமிர்ந்து நிற்கும். அதில் முழு வெண்டைக்காய், பெரிய துண்டுகளாகக் கத்தரிக்காய், எண்ணெயில் பொரித்த தவ்கீ (சோயாப் பால் ஆடை) ஆகியவற்றைப் போடுங்கள். பொரித்த தவ்கீ குழம்பை உறிஞ்சி வழுவழுப்பாகிவிடும். மீன் தோலை விரும்பி உண்டவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

பால் பொருளும் இறைச்சியும் இல்லாத குழம்பு சப்பென்று இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இறைச்சி குழம்புக்கு மூன்றைத் தருகிறது: கொழுப்பு, எலும்பிலிருந்து இறங்கும் கெட்டித்தன்மை, நாவில் தங்கும் சாரம். மூன்றையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஊரில் கசகசாவும் தேங்காயும் அரைத்து ஊற்றுவார்கள்; கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது. அதற்குப் பதில் முந்திரி, அல்லது மலாய்க் கடைகளில் கிடைக்கும் பூவா கெராஸ் நாலைந்து கொட்டை தேங்காயுடன் சேர்த்து அரையுங்கள். பூவா கெராஸைப் பச்சையாக வாயில் போடக்கூடாது, நச்சுத்தன்மை உண்டு. அரைத்த விழுது நன்றாகக் கொதித்து வேகவேண்டும்.

சாரத்துக்கு முதல் மருந்து பொறுமை. வெங்காயத்தைக் கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்தாமல், பழுப்பாகும்வரை வதக்குங்கள். தக்காளி சட்டியில் ஒட்டிச் சுருளவேண்டும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் உலர்ந்த காளான் இரண்டை ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் குழம்பில் ஊற்றுங்கள். சம்பாலுக்குப் பிளாச்சான் என்ற இறால் விழுது இல்லாமல் முடியாது என்று பலர் சொல்வார்கள். பிளாச்சான் இடத்தில் ஒரு தேக்கரண்டி தவ்சியோவை, அதாவது சீனர்கள் உப்பிலிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதை, மிளகாய் அரைப்புடன் சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை வதக்கிப் பாருங்கள். பிளாச்சானின் கடல் வாசம் வராது என்பது உண்மை. ஆனால் நாசி லெமாக்குக்கு உட்கார்ந்தால் கை தட்டை விட்டு எழாது. உப்பு மட்டும் கடைசியில் பாருங்கள், தவ்சியோ நல்ல உப்பு.

பயறு வகைகளில் நம்மிடம் இருக்கும் செல்வம் வேறு யாரிடமும் இல்லை. தேக்காவில் ஒரு சுற்று வந்தால் மொச்சை, காராமணி, கொள்ளு, பாசிப்பயறு, இரண்டு வகைக் கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறப்போட்டு, மறுநாள் குக்கரில் வேகவைத்து, நாலு பையாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் வாரத்தில் மூன்று நாள் கவலை இல்லை. ஒரு பை சுண்டலாகும், ஒரு பை குழம்பில் விழும், ஒரு பை அரைத்து வடையாகும். இரவு பத்து மணிப் பசிக்குப் பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் மாங்காயும் தேங்காயும் போட்ட சுண்டல் ஒரு கிண்ணம் வையுங்கள். அவித்த நிலக்கடலையும் போதும்.

காலைக்கு இட்லி, தோசையைவிட அடை நூறு மடங்கு மேல். இட்லியில் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. அடையில் அரிசி ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு. புழுங்கலரிசி ஒரு கப், கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் சேர்ந்து முக்கால் கப், உளுந்து கால் கப், காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம். மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கவேண்டாம். கொரகொரப்பாக அரைத்து, வெங்காயமும் முருங்கைக் கீரையும் சேர்த்துக் கனமாக ஊற்றி, நடுவில் ஒரு துளை போட்டு அதில் நல்லெண்ணெய் விடுங்கள். இரண்டு அடை சாப்பிட்டுப் போகிறவன் மதியம்வரை எதையும் தேடமாட்டான். அவியலைத் தயிர் சேர்க்காமல் மாங்காய்ப் புளிப்பில் செய்து பக்கத்தில் வைத்தால் அது விருந்து.

இனி தயிர். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வீகன் வாழ்க்கையில் உண்மையாக வலிப்பது இதுதான், இறைச்சி அல்ல. சாப்பாட்டை முடிக்கும் அந்தக் கடைசிக் கவளம் இல்லாமல் எழுந்திருக்க மனம் வராது. பசியில்லாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று தோன்றும். கடையில் கிடைக்கும் தேங்காய்த் தயிர் விலை அதிகம், பல வகைகளில் சர்க்கரை வேறு. வீட்டிலேயே நிலக்கடலைத் தயிர் போடுங்கள்.

ஒரு கப் பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்துவிடுங்கள். தோல் இருந்தால் துவர்க்கும், நிறமும் மங்கும். முதலில் ஒரு கப் தண்ணீர் விட்டு வெண்ணெய்போல் அரைத்து, பிறகு இரண்டு கப் தண்ணீர் சேர்த்து மறுபடி ஓடவிட்டு, மெல்லிய துணியில் வடித்துப் பிழியுங்கள். கிடைக்கும் பாலை அடிகனமான சட்டியில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். நுரை பொங்கி, பச்சை வாசம் போய், கொஞ்சம் கெட்டியானதும் இறக்குங்கள். விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும் பதத்தில் கழுவித் துடைத்த பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைப் போட்டு மூடிவையுங்கள். காம்பில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் உறைமோர். இந்த ஊர் வெக்கைக்கு எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் வைக்கவேண்டாம். முதல் முறை கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும். முகர்ந்தால் இதமான புளிப்பு வாசம் வரவேண்டும். நிறம் மாறினாலோ கசப்புத் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள்.

இதைச் சோற்றில் பிசையும்போது சோறு நன்றாகக் குழைந்திருக்க வேண்டும். உப்பு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளிப்பு. மாவடுவோ நார்த்தங்காயோ பக்கத்தில் இருந்தால் பால் தயிரை யாரும் கேட்கமாட்டார்கள். கடலை வாசனை முதல் இரண்டு கவளத்தில் தெரியும், பிறகு பழகிவிடும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் சர்க்கரை சேர்க்காத சோயாப் பாலில் இதே முறையில் செய்யலாம். இன்னொரு நன்மையும் உண்டு: மோர்க்குழம்பு, தயிர்ப்பச்சடி, பிரியாணிக்கு ஊறவைப்பது எல்லாம் இதில் நடக்கும்.

நெய்யைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருப்புச் சாதத்துக்கு நல்லெண்ணெய், பொங்கலுக்குத் தேங்காய் எண்ணெய். பொங்கலில் பாசிப்பருப்பை அரிசிக்குச் சமமாகப் போட்டு, மிளகும் முந்திரியும் தாராளமாக விட்டால் யாருக்கும் குறை தெரியாது.

ஞாயிறு காலைக்கு ஒரு யோசனை. லோந்தோங், அதாவது குழம்பில் போட்ட அரிசிக் கட்டி, செய்யுங்கள். சாயூர் லோடே குழம்பில் காய்ந்த இறாலை மட்டும் விட்டுவிட்டு, கோஸ், நீட்டுப் பீன்ஸ், கேரட், டெம்பே, தவ்குவா எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, மேலே வறுத்த தேங்காய்த்துருவலைத் தூவினால் முழுக் குடும்பமும் ஒரே சட்டியில் சாப்பிடலாம். அன்று மட்டும் யாருக்கும் தனிச் சமையல் இல்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

மாமியாரின் கவலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைப்பதில்லை. பழஞ்சோற்றில் இருக்கிறது, டெம்பேயில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அவற்றை நம்பி இருக்கவேண்டாம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு சில ஆண்டுகள் வெளியே தெரியாது. தெரியவரும்போது நரம்பைப் பாதித்திருக்கும். மாத்திரை போட்டால் போதும்: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை இரத்தத்தில் பி12, இரும்புச்சத்து இரண்டையும் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

இரும்புச்சத்து பயறிலும் கீரையிலும் போதிய அளவு உண்டு. அதை உடல் ஏற்கப் புளிப்புப் பழச்சாறு துணை. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கீரையில் தக்காளி போடுவது ருசிக்கு மட்டுமல்ல. சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், அது இரும்பைத் தடுக்கும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், கைலான், கால்சியம் சல்ஃபேட் சேர்த்து உறையவைத்த தவ்குவா ஆகியவை போதும். பொதியின் மேல் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். சோயாப் பால் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததாக, சர்க்கரை குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானப் பொதிகளில் வரும் நியூட்ரி-கிரேடு எழுத்து சர்க்கரை அளவைப் பார்க்க உதவும். குடிக்கும் முன் பொதியைக் குலுக்கவேண்டும், கால்சியம் அடியில் தங்கிவிடும்.

வெளியே சாப்பிடும்போது அவனே கேட்டுத் தெரிந்துகொள்வான், ஆனாலும் சில. ஆனந்த பவன் 1924 முதலும் கோமள விலாஸ் 1947 முதலும் இருக்கும் ஊரில் சைவம் கிடைப்பது கடினமல்ல. பொதுவாகச் சைவக் கடைகளில் கேட்கவேண்டியது நெய்யையும் தயிரையும் பற்றித்தான். பரோட்டா மாவில் பல இடங்களில் நெய்யோ கெட்டிப்பாலோ சேரும். சம்பாலில் பிளாச்சான் அல்லது நெத்திலி, கீரை வதக்கலில் சிப்பிச் சாறு, மஞ்சள் மீயில் சிலவற்றில் முட்டை. நம் காப்பிக்கடைக் கொட்டையைச் சர்க்கரையுடன் வெண்ணெயோ மார்ஜரினோ சேர்த்து வறுப்பது பழைய வழக்கம் என்பது பலருக்குத் தெரியாது. அவன் அதுவரை போகிறானா என்பது அவன் முடிவு. வீட்டில் நீங்கள் துருவ வேண்டாம்.

மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள். வீகன் என்ற பெயரே அவருக்கு அந்நியமாக இருக்கலாம், பருப்பு உருண்டைக் குழம்பு அந்நியமல்ல. அவர் காலத்துச் சமையல், ஒரு பொருளைக்கூட மாற்றாமல் முழு வீகன். கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் சேர்ந்து ஒரு கப், இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, சோம்பும் மிளகாயும் வைத்துக் கொரகொரப்பாக அரைக்கவேண்டும். நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் சேர்த்து எலுமிச்சை அளவு உருட்டி, பத்து நிமிடம் ஆவியில் வைத்த பிறகே கொதிக்கும் புளிக்குழம்பில் விடவேண்டும், அப்போதுதான் உடையாது. பழைய ஆட்கள் பச்சையாகவே ஒவ்வொன்றாகப் போட்டு, முதல் உருண்டை மேலே மிதந்த பிறகு அடுத்ததை விடுவார்கள். உங்கள் மாமியாருக்கு எந்த வழி தெரியுமோ அதையே செய்யட்டும். அந்த ஒரு கப் பருப்பில் 40 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பேரனுக்கு நாலைந்து உருண்டை அவர் கையால் விழுந்தால் இளைத்துவிட்டான் என்ற பேச்சு குறையும்.

தீபாவளிக்குப் பிரியாணி நிச்சயம் வேண்டும். உறையவைத்துப் பிழிந்த தவ்குவா அரைக் கிலோவும் உருளைக்கிழங்கும் எடுத்து, நிலக்கடலைத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், புதினா சேர்த்து இரவே ஊறவையுங்கள். மறுநாள் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த வெங்காயத்துடன் அதைச் சுருள வதக்கி, முக்கால் வேக்காடு அரிசியை மேலே பரப்பி, கொஞ்சம் தேங்காய்ப்பாலும் வறுத்த வெங்காய எண்ணெயும் ஊற்றி தம்மில் விடுங்கள். ஆட்டிறைச்சிப் பிரியாணி பக்கத்து அடுப்பில் வேகட்டும், வாசனை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பலகாரத்தில் முறுக்கு மாவுக்கு வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் இரண்டு கரண்டி விட்டாலே மொறுமொறுப்பு வரும். அதிரசம், பொருள்விளங்காய் உருண்டை, தேங்காய்ப் பர்ஃபி எல்லாம் வெல்லத்திலும் சர்க்கரையிலும் நெய் இல்லாமல் அமையும். அதிரச மாவை நாலைந்து நாள் முன்பே வெல்லப்பாகில் பிசைந்து வையுங்கள். சுடும் நாளில் புது எண்ணெயை ஊற்றி, மற்ற எதையும் பொரிக்கும் முன் முதல் ஈடு அதிரசத்தை அவனுக்கென்று எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மீன் வறுத்த எண்ணெயா என்று அவன் கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது.